மதுரை வட்டாரத்தில் மறுவாழ்வு மருத்துவரைக் கண்டறிவது எப்படி?

பக்கவாதமோ தண்டுவடக் காயமோ ஏற்பட்டு மருத்துவமனையில் கிடந்தவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில், குடும்பத்தாரின் கையில் டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு, ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை ஆகியவை இருக்கும். அந்தச் சம்மரியின் கடைசி வரியில் "பிசியோதெரபி தொடரவும்" என்று எழுதியிருப்பார்கள். என்ன பயிற்சி, எத்தனை நாள், எதை எட்டுவதற்காக, யாருடைய மேற்பார்வையில் என்ற கேள்விகளுக்கு அந்த ஒற்றை வரியில் விடை இராது. அவற்றுக்கு விடை சொல்வதற்கென்றே பயின்றவர் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறை மருத்துவர். மருத்துவமனைகளில் அவரைச் சுருக்கமாகப் பி.எம்.ஆர். டாக்டர் என்பார்கள். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அவரை எங்கே, எப்படித் தேடுவது, தேடிக் கண்டவர் நம் நோயாளிக்குப் பொருத்தமானவரா என்று எப்படி அறிவது என்பதை எழுதுகிறேன்.

முதலில் அவருடைய வேலை இன்னதென்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் அது தெரியாமல் தேடப் போகிறவர்களை ஊரில் உள்ள எல்லா வாசல்களும் தவறான இடத்துக்கே கொண்டு சேர்க்கும். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் மூன்றாண்டுகள் இத்துறையில் எம்.டி. அல்லது டி.என்.பி. படித்தவர், முன்பு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும் இருந்ததால், மூத்த மருத்துவர்கள் சிலரின் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டயத்தைக் காணலாம். நரம்பியல் மருத்துவர் மூளையில் அடைப்பு எங்கே, அதற்கு மருந்து என்ன என்று பார்க்கிறார். எலும்பு மருத்துவர் முறிந்ததைச் சேர்க்கிறார். மறுவாழ்வு மருத்துவரோ, இந்த மனிதர் மீண்டும் தானாக எழுந்து கழிப்பறைக்குப் போகவும், சோற்றைத் தானே பிசைந்து உண்ணவும், கடையிலோ வயலிலோ தன் வேலைக்குத் திரும்பவும் எது தடையாக நிற்கிறது என்று பார்த்து, அந்தத் தடையை மருந்தாலோ ஊசியாலோ பயிற்சியாலோ கருவியாலோ நீக்க முயல்கிறார். இறுகிப்போன தசைக்குப் போட்டுலினம் ஊசி, தோள் வலிக்கு மருத்துவம், சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் பழக்குதல், படுக்கைப் புண், செயற்கைக் கால், சக்கர நாற்காலியின் அளவு, இவை எல்லாம் அவருடைய பொறுப்பில் அடங்கும்.

பிசியோதெரபிஸ்டை இவர் ஒதுக்கிவிடுவதில்லை. தினமும் நோயாளியின் உடலைத் தொட்டு, எழுப்பி, நடத்திப் பழக்குபவர் பிசியோதெரபிஸ்ட்தான். குணத்தின் பெரும்பகுதி அவர் உழைப்பால் வருவது. அவரோடு, அன்றாடக் கைவேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் உதவும் பேச்சுப் பயிற்சியாளர், செயற்கை உறுப்பும் தாங்கியும் செய்து தருபவர் ஆகியோரை ஒரே திட்டத்தின் கீழ்க் கொண்டுவருவது மருத்துவரின் பணி. மதுரை போன்ற ஊரில் பிசியோதெரபி நிலையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு, மறுவாழ்வு மருத்துவர்கள் மிகச் சிலரே. ஆகவே, தினப் பயிற்சிக்கு அருகில் உள்ளவரையும், திட்டத்துக்கும் சிக்கலுக்கும் சற்றுத் தொலைவில் உள்ள மருத்துவரையும் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடு என்பது என் கருத்து.

நம் நாட்டில் இத்துறை வேரூன்றிய வரலாற்றில் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-ல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் அங்கே தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் இன்றும் இயங்குகிறது. "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், ஒரு நோயாளியின் நாற்காலியிலிருந்தே வளர்க்கப்பட்ட துறை இது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யார் தேட வேண்டும்?

பக்கவாதம் வந்தவர்களே எண்ணிக்கையில் அதிகம். அடுத்து நம் வட்டாரத்துக்கே உரிய காரணங்களால் தண்டுவடம் அடிபட்டவர்கள்: தென்னையிலோ பனையிலோ ஏறி விழுந்தவர்கள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் தலைகீழாகக் குதித்தவர்கள், நான்கு வழிச் சாலை விபத்தில் சிக்கியவர்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் மாடு தூக்கி எறிந்ததில் கழுத்தோ முதுகோ முறிந்த இளைஞர்களும் இதில் சேர்வார்கள். சர்க்கரை நோயால் காலை இழந்தவர், தலைக்காயத்துக்குப் பின் நடத்தையும் நடையும் மாறியவர், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வாரம் கிடந்து உடல் கரைந்தவர், நடுக்குவாதத்தில் அடிக்கடி விழுபவர் ஆகியோருக்கும் இந்த மருத்துவர் தேவை.

அதே வேளையில், சில நிலைகளில் இவரைத் தேடி நேரம் கழிக்கக் கூடாது. வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது அந்த நிமிடமே 108-ஐ அழைக்க வேண்டிய நிலை. அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, கால்கள் திடீரென்று பலமிழந்தாலோ, அதுவும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியது. மறுவாழ்வு மருத்துவரின் காலம், உயிருக்கான ஆபத்து நீங்கியவுடன் தொடங்குகிறது.

தொடங்கும் நேரம் என்று சொல்லும்போது, இக்கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு வந்த பிறகு தேடாதீர்கள், வார்டில் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள். பக்கவாதத்துக்குப் பின் வரும் முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வேகமாக இருக்கும், ஆறு மாதம் வரை ஓரளவு தொடரும், அதன் பின்னும் நின்றுவிடாது என்றாலும் மெதுவாகவே வரும். அந்த முதல் மூன்று மாதங்களில் ஒன்றரை மாதத்தை "கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று படுக்கையிலேயே கழித்துவிடும் குடும்பங்களை அடிக்கடி காண்கிறோம். அதற்குள் குதிகால் தசைநாண் சுருங்கிவிடுகிறது, தோள் இறங்கிவிடுகிறது, பிட்டத்தில் புண் வந்துவிடுகிறது. பிறகு வரும் மருத்துவர், இழந்ததை மீட்பதற்கு முன் இந்தப் புதிய கேடுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வார்டில் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமிருந்து. காலை ரவுண்ட்ஸ் வரும்போது, "சார், பி.எம்.ஆர். ஒப்பீனியன் வாங்கித் தர முடியுமா?" என்று நேராகவே கேளுங்கள். மருத்துவர்களுக்கிடையே ஒரு துறை இன்னொரு துறையிடம் கருத்துக் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுவது வழக்கமான நடைமுறை. கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. கூட்டம் மிகுந்த வார்டில் அவர்களுக்கே அது நினைவுக்கு வராமல் போகலாம் என்பதால், கேட்கிறவர் வீட்டுக்காரராகவே இருக்க வேண்டும். அந்த மருத்துவமனையில் இத்துறை இல்லையென்றால், வெளியே காண்பிக்கப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு இராசாசி மருத்துவமனையில், மதுரை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மறுவாழ்வு மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஊர் வழக்கில் பெரியாஸ்பத்திரி. மாட்டுத்தாவணியில் இறங்குகிறவர்களும் ஆரப்பாளையத்தில் இறங்குகிறவர்களும் கோரிப்பாளையம் போகும் பேருந்தைப் பிடித்தால் அருகில் இறங்கிக்கொள்ளலாம். அங்கு உள்நோயாளியாக இல்லாதவர்களும் காலையில் ஓ.பி. சீட்டு எடுத்துக் காண்பிக்கலாம். சீட்டுக்குக் கட்டணம் இல்லை. சீட்டுப் போடும் இடத்தில் "கால் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் எலும்புப் பிரிவுக்கோ நரம்புப் பிரிவுக்கோ எழுதிவிடக் கூடும். ஆகவே பிரிவின் பெயரைச் சொல்லியே கேளுங்கள், முந்தைய சம்மரியையும் காட்டுங்கள். வளாகம் பெரிது, நடை அதிகம். நோயாளியை ஓரிடத்தில் நிழலில் அமர்த்தி ஒருவர் துணைக்கு இருக்க, இன்னொருவர் சீட்டு எடுத்து, இடம் பார்த்து வந்த பின் சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்வது நல்லது. எனவே இரண்டு பேராகப் போங்கள்.

தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அவற்றுள் திண்டுக்கல், விருதுநகர், இராமநாதபுரம் கல்லூரிகள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டவை. அந்த மாவட்டங்களில் வசிப்போர் மதுரைக்குப் புறப்படுமுன் தங்கள் கல்லூரி மருத்துவமனையில் இத்துறை மருத்துவர் இருக்கிறாரா என்று ஒருமுறை விசாரிப்பது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

தனியார் பக்கம் போக விரும்புவோர், பல துறைகள் கொண்ட பெரிய மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் முதலில் தொலைபேசியில் பேசிவிட வேண்டும். அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும். "பி.எம்.ஆர். டாக்டர் இருக்காங்களா?" என்று நீங்கள் கேட்பீர்கள். "பிசியோ டிபார்ட்மென்ட் இருக்கு சார், காலையில கூட்டிட்டு வாங்க" என்று வரவேற்பில் இருப்பவர் சொல்வார். அங்கே நிறுத்திவிடாதீர்கள். "பிசியோ இல்லம்மா, எம்.டி. பி.எம்.ஆர். படிச்ச டாக்டர். எந்தெந்தக் கிழமை வர்றாங்க, எத்தனை மணிக்கு?" என்று அடுத்த கேள்வியைப் பொறுமையாகக் கேளுங்கள். இத்துறை மருத்துவர்கள் சிலர் வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே வந்து பார்ப்பவர்கள் என்பதால், கிழமை கேட்காமல் உசிலம்பட்டியிலிருந்து கார் பிடித்து வந்து திரும்பியவர்கள் உண்டு. அதே அழைப்பிலேயே சாய்தளம் உண்டா, லிஃப்ட் வேலை செய்கிறதா, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். மாடிப்படி ஏற்றி இறக்கும்போது நோயாளி விழுந்துவிட்டால் வந்த காரியமே கெடும்.

இணையத்தில் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. "மறுவாழ்வு மையம்" என்று தட்டினால் முதலில் வருபவை பெரும்பாலும் குடிப்பழக்கத்திலிருந்து மீட்கும் இல்லங்கள். அவற்றைக் கடந்து போனால் பிசியோதெரபி நிலையங்களும் முதியோர் பராமரிப்பு இல்லங்களும் வரும். "பி.எம்.ஆர். மதுரை" என்று துறையின் சுருக்கப் பெயரோடும், "ஸ்ட்ரோக்", "தண்டுவடம்", "செயற்கைக் கால்" என்று உங்கள் நோயாளியின் நிலைமையோடும் சேர்த்துத் தேடுங்கள். 1972-ல் தொடங்கப்பட்ட இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வுச் சங்கம் இத்துறை மருத்துவர்களின் அமைப்பு. அதன் வழியாகவும் நம் பகுதியில் பணியாற்றும் உறுப்பினர்களைப் பற்றி விசாரிக்கலாம். பெயர் கிடைத்ததும், தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள மருத்துவப் பதிவேட்டில் பெயரையோ பதிவு எண்ணையோ இட்டு, அவர் பதிவு பெற்ற மருத்துவர்தானா என்று பாருங்கள். சீட்டில் பதிவு எண் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

இவை எல்லாவற்றையும் விட நம்பகமான வழி ஒன்று உண்டு: ஏற்கெனவே அந்தப் பாதையில் போனவர்களைக் கேட்பது. செயற்கைக் கால் செய்யும் பட்டறைக்காரருக்கு எந்த மருத்துவர் காலைப் பொருத்திய பின்னும் நோயாளியைக் கூப்பிட்டுப் பார்க்கிறார் என்பது தெரியும். சிறப்புப் பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மார்களுக்கு எந்த மருத்துவர் குழந்தையின் இறுகிய காலுக்கு எந்த வயதில் என்ன செய்தார் என்பது மனப்பாடம். தண்டுவடம் அடிபட்டுப் பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் வாழ்கிறவர், சிறுநீர்க் குழாய், புண், நாற்காலி, வேலை என்று எல்லாவற்றையும் பற்றி எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இல்லாத விவரங்களைச் சொல்வார். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போனால் இவர்களில் பலரை அங்கேயே சந்திக்கலாம். பொதுவாகத் திங்கட்கிழமைகளில் நடக்கும் குறைதீர் கூட்ட நாளில் இன்னும் அதிகம் பேர் வருவார்கள். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் தண்டுவடக் காயமடைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் பணியாற்றி வருகிறது. தென் மாவட்டக்காரர்களுக்கு அது மிகத் தொலைவுமில்லை.

எதை எடுத்துச் செல்வது?

சம்மரி, ஸ்கேன் படம், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவை எல்லோரும் எடுத்துப் போவன. மறந்துவிடுபவை வேறு. வீட்டுக் கழிப்பறையின் வாசல், படிக்கட்டு, கட்டிலின் உயரம், தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறும் படி ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி படுக்கையிலிருந்து எழுவதையும், ஓரிரு அடி நடப்பதையும் ஒரு நிமிடம் வீடியோவாக எடுங்கள். மருத்துவர் அறையில் நோயாளி பதற்றத்தில் வழக்கத்தை விடக் குறைவாகவோ அதிகமாகவோ செய்வார். வீட்டில் உண்மையாக எப்படி இருக்கிறது என்பதை அந்த வீடியோவே காட்டும். எப்போதும் பார்த்துக்கொள்கிறவர் கண்டிப்பாகக் கூட வர வேண்டும். வெளியூரில் இருந்து வந்த மகன் மட்டும் அழைத்துப் போனால், இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்க வைக்கிறோம் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

முதல் சந்திப்பில் நல்ல மருத்துவர் என்ன செய்வார் என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். நோயாளி அறைக்குள் வருவதிலிருந்தே அவர் கவனிக்கத் தொடங்குவார். "ஐயா, கட்டில்ல இருந்து நீங்களா எந்திரிக்கிறீங்களா?" என்று கேட்பார். "நான்தான் சார் கையைப் பிடிச்சுத் தூக்கி விடுவேன்" என்று மனைவி முந்திக்கொண்டு சொல்வார். "எந்தக் கைம்மா?" "வராத கையைத்தான்." உடனே மருத்துவர் நோயாளியின் சட்டையை ஒரு பக்கம் இறக்கி, தோள் எலும்பின் விளிம்புக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பார், பந்து போன்ற எலும்பு கிண்ணத்திலிருந்து கீழே இறங்கியிருந்தால் அங்கே விரல் நுழையும் பள்ளம் தெரியும். தளர்ந்த தசையால் தாங்க முடியாத அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொரு நாளும் ஆளையே தூக்கினால், தோள் இறங்கி, வலி தொடங்கி, கை எடுக்கும் பயிற்சியையே நோயாளி மறுக்கும் நிலை வந்துவிடும். இனி இடுப்பைப் பிடித்து எழுப்புவது எப்படி என்று அவர் அந்த அம்மாவைக் கொண்டே அங்கேயே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்வார். அப்படி ஒரு மருத்துவர் கிடைத்தால், அவரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்துக்காக வருந்த வேண்டியதில்லை.

பின்பு குதிகால், பிட்டம், முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோலைப் பார்ப்பார். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா, சிறுநீர் எப்படிப் போகிறது, தூக்கம் எப்படி, அழுகை அடிக்கடி வருகிறதா என்று கேட்பார். இறுதியில், "ஆறு வாரத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதற்குப் பின் கழிப்பறைக்கு வாக்கரோடு போக வேண்டும்" என்பது போல, நாம் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஓர் இலக்கைச் சொல்லி, அதற்கான பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்டுக்கு எழுத்தில் தருவார். அவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அடுத்த முறை வருவதற்குள் எதை எட்ட வேண்டும், எதைச் செய்யவே கூடாது, வீட்டில் யார் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய அடையாளங்களும் உண்டு. வருகிற எல்லோருக்கும் ஒரே இயந்திரங்களை ஒரே நேரக் கணக்கில் வைத்து அனுப்புவதும், பல நாள் சிகிச்சைக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்வதும், பரிசோதிக்காமலேயே "மூன்று மாதத்தில் ஓட வைக்கிறேன்" என்று உறுதி கொடுப்பதும் அத்தகையவை. பக்கவாதத்துக்கும் தண்டுவடக் காயத்துக்கும் மூளை முடக்குவாதத்துக்கும் ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணமாக்குவதாகச் சொல்லி இலட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் மிகுந்த கவனம் தேவை. இரத்தம் தொடர்பான சில நோய்களுக்குத் தவிர, முறையாக அனுமதி பெற்ற ஆய்வுகளுக்கு வெளியே அதைச் சிகிச்சையாகத் தரக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. நிலத்தையோ நகையையோ விற்குமுன் அந்த ஊசி பற்றி இன்னொரு மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

பக்கவாதம் வந்த வீட்டுக்குப் புறா இரத்தம் தேய்க்கச் சொல்பவரும், மூலிகை எண்ணெய் கொடுப்பவரும், கட்டுப்போடும் ஊருக்கு வண்டி பேசித் தருபவரும் மருத்துவருக்கு முன்பே வந்து சேர்வார்கள். அவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். அவர்களை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டு ஆபத்துகளை மட்டும் மனதில் வையுங்கள். உணர்ச்சியற்ற தோலுக்குச் சூடு தெரியாது; காய்ச்சிய எண்ணெயோ ஒத்தடமோ அங்கே கொப்புளமாகி, மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடும். அசையாமல் கிடந்த காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருந்தால், அந்தக் காலை அழுத்தித் தேய்ப்பது கட்டியை நுரையீரலுக்கு அனுப்பி உயிரையே பறிக்கலாம். என்ன தேய்க்கிறீர்கள், என்ன கொடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பணமும் தூரமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. ஆனால் எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் அதன் கீழ் வரும் என்பது மாறுபடும் என்பதால், சேர்வதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க இயலாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி தருகிறார். பேரையூர், சேடப்பட்டி, கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தார் தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். மதுரை மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டத்தை வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால், அதன்படியே அவர் பழக்குவார். இப்படிச் செய்தால் மதுரைக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்ற நிலையைப் பலர் எட்டலாம். இடையில் காணொலியில் பேச முடியுமா என்றும் மருத்துவரைக் கேளுங்கள். முதல் சந்திப்பு மட்டும் நேரில்தான் இருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இந்த மருத்துவரின் மதிப்பீடு பயன்படும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்பது அடிப்படை அளவு. நோய் வந்த சில வாரங்களிலேயே சான்று கேட்டால் கிடைக்காது, உடல்நிலை ஓரளவு நிலைபெற வேண்டும். எனவே அதற்காக அலைவதில் பயிற்சி நாள்களை இழக்க வேண்டாம்.

சிலருக்கு மதுரையில் கிடைப்பது போதாது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர், எலும்பு வரை ஆழ்ந்த படுக்கைப் புண் உள்ளவர், சிறுநீரகம் பாதிக்கப்படும் அளவுக்குச் சிறுநீர்ச் சிக்கல் உள்ளவர் ஆகியோருக்கு, வாரக்கணக்கில் உள்நோயாளியாக வைத்து நோயாளியோடு குடும்பத்தாரையும் பழக்கும் இடம் தேவை. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையமும், சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் அத்தகையவை. அங்கே போவதற்கு முன் மதுரை மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். துணைக்கு இருப்பவர் யார், அவர் எத்தனை வாரம் வேலையை விட்டு இருக்க முடியும் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். திரும்பி வந்த பின் யாரிடம் காண்பிப்பது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அங்கே கற்றது வீட்டில் மெல்ல நழுவிப் போவது பெரும்பாலும் இந்தத் தொடர்பு அறுந்த பின்னர்தான்.

மதுரையிலேயே பார்ப்பவர்களும், இரண்டு முறை பார்த்த பின் சொன்ன இலக்கு ஏன் எட்டப்படவில்லை என்று மருத்துவர் விளக்கவில்லையென்றாலோ, திட்டத்தை மாற்றாமல் அதே சீட்டையே திருப்பி எழுதினாலோ, வேறொருவரின் கருத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம். எவரிடம் பார்த்தாலும், ஒவ்வொரு முறை அறையை விட்டு வெளியே வருமுன் அடுத்த வருகைத் தேதியையும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணையும் சீட்டின் மேலேயே எழுதி வாங்குங்கள். காய்ச்சலோடு சிறுநீர் கலங்கிப் போனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடானாலோ, அழுத்தி எடுத்த பின்னும் மறையாத சிவப்பு தோலில் தெரிந்தாலோ அந்த எண்ணை அன்றே அழைக்க வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறினால் 108-ஐ அழைக்க வேண்டும். கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் தலை தெறிக்க வலித்து முகம் வியர்த்தால், முதலில் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். உடனே குறையவில்லையென்றால் தாமதிக்காமல் அருகில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போய், தண்டுவடக் காயம் உள்ளவர் என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.